பானெட்டின் சூடு

பழைய கார் வாங்க வருகிறவன் வணக்கம் சொல்வதற்கு முன்னால் பானெட்டில் கை வைப்பான். இதைக் காந்தம் சொல்லித்தான் டீச்சருக்குத் தெரியும்.

காந்தம் என்பது பட்டப்பெயர். பழைய கார்களை விலை மதித்து விற்றுக்கொடுக்கும் தரகர் அவர். துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். வண்டியின் உடம்பு முழுக்க அதை வைத்துப் பார்ப்பார். நல்ல இரும்பில் ஒட்டும். துரு தின்ற இடத்தில் பட்டி பூசி மறைத்திருந்தால் வழுக்கிக் கீழே விழும். மனுஷனுக்கும் இப்படி ஒரு காந்தம் இருந்தால் பாதிக் கல்யாணம் நடக்காது என்பது எல்லா வீட்டிலும் அவர் சொல்லும் ஜோக். டீச்சர் வீட்டில் அது எடுபடவில்லை.

ஷெட் வீட்டை ஒட்டியே இருந்தது. தகரக் கூரை, இரண்டு மரக்கதவு, பின்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். போர்வையை இழுத்ததும் காந்தம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கரும்பச்சையில் இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், டீச்சரை விட வயதில் மூத்தது. மற்ற கார்களில் ஏறி உட்காரலாம். இதில் இறங்கிப் படுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் அவளை முதல்முறை அதில் உட்காரவைத்தபோது, "என்னங்க, குழிக்குள்ள இறங்கற மாதிரி இருக்கு" என்று சொல்லி அவரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறாள்.

டீச்சர் முந்தானையால் கண்ணாடியைத் துடைக்கப் போனாள். காந்தம் அலறாத குறை.

"துடைச்சிடாதீங்க டீச்சர்! இந்தத் தூசிக்கே தனி விலை."

"தூசிக்கா?"

"வண்டியை யாரும் நோண்டலைன்னு அதுதான் சாட்சி. சீட்டு கிழிஞ்சிருக்கா, இருக்கட்டும். கீறல் இருக்கா, இருக்கட்டும். இந்தக் கார்ப் பைத்தியங்களுக்கு எல்லாம் பிறந்தபடியே இருக்கணும். புதுசா ஏதாவது மாத்தினீங்களோ, விலை படுத்துடும்."

மனுஷி பழசானால் மதிப்புக் குறைகிறது, தகரம் பழசானால் கூடுகிறது, நல்ல நியாயம்தான் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். சட்டைப்பைக் காந்தம் எங்கேயும் கீழே விழவில்லை. அவர் சொன்ன விலைக்கு, ஒழுகும் மாடியை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகவே ஒன்று கட்டிவிடலாம்.

"ஒண்ணே ஒண்ணு. ஆள் வர்ற அன்னிக்கு வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. பானெட் சூடா இருந்தா, விக்கறவன் எதையோ மறைக்கறான்னு அர்த்தம். குளிர்ல கிளம்பாத வண்டியை முன்னாடியே சூடு பண்ணி வெச்சு, ஆள் வந்ததும் ஒரே சாவியில கிளப்பிக் காட்டுவாங்க. பழைய தில்லுமுல்லு. குளிர்ந்து கிடக்கற வண்டிதான் உண்மையைப் பேசும்."

"எனக்கு ஓட்டவே தெரியாது. சாவி என் பையிலதான் இருக்கு."

காந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது... இதுக்குள்ளதானே?"

"ஆமா."

"கேக்கறவங்ககிட்ட சொல்லிடுவோம் டீச்சர். மறைச்சா அதுவும் பட்டி பூசின மாதிரிதான்."

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. டீச்சர் எழுந்து வந்தபோது வீட்டுக்காரரைக் காணவில்லை. ஷெட்டின் இரண்டு கதவும் உள்ளே தாழிட்டுக் கிடந்தன. உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து கதவை உடைத்தபோது அவர் டிரைவர் சீட்டில் இருந்தார். அந்த இடம் முழுக்கப் புகை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றால் மத்தியானம் வரை பனியனோடு திரிகிற மனுஷன். அன்றைக்கு இஸ்திரி போட்ட நீலச் சட்டை போட்டிருந்தார். தலை படிய வாரியிருந்தது.

விபத்து என்று எழுதிக்கொண்டு போலீஸ் போய்விட்டது. தெரு அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நிற்கிற வண்டியில் யாராவது சும்மா உட்காருவார்களா என்று தெரு கேட்டது. டீச்சரும் அதையேதான் கேட்டாள். ஆனால் தெருவுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. படுக்கையறையில் கட்டிலைச் சுற்றி வாளிகள். அந்த நேரம் பார்த்து மனுஷன் ஒரு பார்சலைப் பிரித்து, வண்டிக்கென்று எங்கேயோ தேடிப் பிடித்த அசல் விளக்கு ஒன்றைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கூரை ஒழுகுது, உங்களுக்கு விளக்கு கேக்குதா? அதை வித்துத் தொலைங்கன்னு எத்தனை வருஷமா கரடியா கத்தறேன். முடியாதுன்னா அந்த வண்டிக்குள்ளேயே போய்க் கிடங்க. வெளியில வராதீங்க!" அவர் விளக்கைப் பெட்டியில் திருப்பி வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனார். அதன் பிறகு அவள் அவரிடம் பேசவேயில்லை, கோபத்தோடேயே தூங்கிப்போனாள்.

ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவள் அவள். தன் சொல் கொன்றதா இல்லையா என்று மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை, கல்யாணமாகி வெளியூர் போன மகளிடம்கூட. சொன்ன இடத்தில் போய்க் கிடந்தார், வெளியில் வரவேயில்லை. ஒரு வருஷமாக அந்த நீலச் சட்டை அவள் தூக்கத்தில் வந்து நின்றது. வண்டி போய்விட்டால் இந்தக் கேள்வியும் வாசலைத் தாண்டிப் போய்விடும் என்றுதான் விற்கத் துணிந்தாள்.

முதலில் வந்தவர் ஒரு கட்டடக் காண்டிராக்டர். காந்தம் வண்டியின் புகழைப் பாடிக்கொண்டே அவரை ஷெட்டுக்குள் கூட்டிவந்தார். காண்டிராக்டர் நேராகப் போய்ப் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"என்னய்யா, தோசைக்கல்லு மாதிரி இருக்கு?"

காந்தம் சிரித்துக்கொண்டே தானும் தொட்டார். சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டது. டீச்சரும் தொட்டுப் பார்த்தாள். கதவுகள் சில்லென்று இருந்தன, பின்பக்கமும் சில்லென்று இருந்தது. பானெட்டின் நடுவில் மட்டும், இப்போதுதான் நெடுந்தூரம் ஓடி வந்து நின்றது போல, நல்ல சூடு. ஓட்டவே தெரியாது, சாவி பையில் இருக்கிறது என்று அவள் சொன்னதையெல்லாம் காண்டிராக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "காலையிலயே ஆளை விட்டுச் சூடு பண்ணியாச்சு, இதுல சாவி கதை வேற" என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

"வெயிலா இருக்கும்" என்றார் காந்தம். வெளியே மேகம் மூடிக் கிடந்தது.

அடுத்த முறை அவர் ஏமாறத் தயாராக இல்லை. பேட்டரியைக் கழற்றி ஷெட்டின் மூலையில் வைத்தார். கதவுக்குத் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னோடு கொண்டுபோனார். வந்தவர்கள் அண்ணன் தம்பி இருவர். வீட்டில் ஏற்கனவே இதே ஜாதி வண்டி ஒன்று வைத்திருந்தார்கள். காந்தம் அவர்கள் கண் எதிரிலேயே பூட்டைத் திறந்தார். கதவு விலகியதும் முதலில் வந்தது பெட்ரோல் புகை வாசனை. தம்பி மூக்கைச் சுளித்தான். அண்ணன் பானெட்டைத் தொட்டுவிட்டுக் காந்தத்தையே பார்த்தான்.

"பேட்டரியே இல்லீங்க! பாருங்க!" காந்தம் பானெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இருந்த பேட்டரியைக் கழட்ட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான் அண்ணன். "உங்களை நம்பித்தானே வந்தோம். உங்க காந்தத்தை முதல்ல உங்க மேல வெச்சுப் பாருங்க."

கார்ப் பித்தர்களுக்குள் செய்தி பரவ டீக்கடை வேண்டாம், செல்போனில் ஒரு குழு போதும். "சூட்டு வண்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். விலை பாதியாக இறங்கியது, அதற்கும் ஆள் வரவில்லை. காந்தம் ஒருநாள் வாசற்படி ஏறாமல் கேட்டுக்கு வெளியே நின்றே பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். நான் விலகிக்கறேன். முப்பது வருஷமா வாயை வித்துப் பிழைக்கறவன், என் வாய்க்கு மதிப்பு போச்சுன்னா பிழைப்பு போச்சு. அதுவும் இல்லாம..." அவர் ஷெட் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அன்னிக்கு பானெட்டைத் தூக்கினேன் பாருங்க. உள்ளேருந்து அனல் மூஞ்சில அடிச்சது. பேட்டரி இல்லாத வண்டி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நீங்க சொல்லுவீங்க. அனலைக் கண்ணாலயா பாக்கறோம்?"

டீச்சர் அப்படிச் சொல்லவில்லை. அதற்குள் அவள் தனியாகவே ஒன்றைக் கவனித்துவிட்டிருந்தாள். சாதாரண நாட்களில் பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் ஷெட்டுக்குள் போய்த் தொட்டுப் பார்ப்பாள். பானெட் கல் போலக் குளிர்ந்து கிடக்கும். ஆள் வருகிற அன்றைக்கு மட்டும்தான் அந்தச் சூடு. செத்த பிறகும் மனுஷன் வண்டியை விற்கவிடாமல் செய்கிறார், அவ்வளவுதானே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு இன்னொன்று தோன்றியது. 'நீ சொன்ன இடத்துலதான் இருக்கேன், வெளியில வரலை' என்று அவர் சொல்லிக்காட்டுகிறார். அந்த நினைப்பு வந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு பல் டாக்டர் போன் செய்தார். வண்டியை ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். சூட்டு வண்டி என்று பேர் வாங்கியது தெரியுமா என்று டீச்சர் கேட்டாள். தெரியும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டீச்சர் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். கதவைச் சாத்தப் பயமாக இருந்தது. ஒரு கதவைத் திறந்தே வைத்தாள். வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து பானெட்டின் மேல் கையை வைத்தாள். இரும்பு சில்லிட்டிருந்தது. என்னதான் நடக்கிறது, இன்றைக்குப் பார்த்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெருவில் பால்வண்டி போயிற்று. யாரோ ஒரு வீட்டில் குக்கர் கத்தியது. உள்ளங்கைக்கு அடியில் குளிர் மெல்ல விலகுவதை அவள் முதலில் தன் உடம்புச் சூடு என்றுதான் நினைத்தாள். கையை வேறு இடத்துக்கு மாற்றினாள். அங்கேயும் வெதுவெதுப்பு ஏறியது. ஓசை ஒன்றும் இல்லை, எஞ்சின் அசையவில்லை, பேட்டரி மூலையில் கிடந்தது. சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது, அடுப்பில் வைத்த பால் போல நிதானமாக. புகை வாசனை வந்தது. அவள் எழுந்து, பக்கத்துக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

சீட்டில் யாரும் இல்லை. தோல் மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது. கீழே ஆக்ஸிலரேட்டர் பெடல் கொஞ்சம் இறங்கி நின்றது. மற்ற இரண்டு பெடலும் மேலே இருக்க, அது ஒன்று மட்டும், மேலே ஒரு கால் இருப்பது போல, மெல்ல இறங்கியும் ஏறியும் அசைந்தது.

டீச்சர் "என்னங்க" என்று மட்டும் சொன்னாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரைக் கூப்பிட்ட முதல் வார்த்தை அது. பெடல் அசைந்துகொண்டுதான் இருந்தது.

"டீச்சர்?" வாசலிலிருந்து குரல் வந்தது. பல் டாக்டர் நின்றிருந்தார். நரைத்த மீசை, கையில் டார்ச். பல்லின் பின்பக்கத்தைப் பார்க்கும் குச்சிக் கண்ணாடி சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் துரு பார்க்க அதையே கொண்டுவந்திருந்தார் போலிருக்கிறது. அவரும் வணக்கம் சொல்லவில்லை. நேராக வந்து பானெட்டில் கை வைத்தார்.

கையை எடுக்கவில்லை. முகம்தான் மாறியது.

"யார் சூடு பண்ணினாங்க?"

"யாரும் இல்லை. பேட்டரி அதோ இருக்கு, பாருங்க."

டாக்டர் மூலையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அன்னிக்கும் இப்படித்தான் சூடு பண்ணிட்டு இருந்திருப்பார்" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"என்னிக்கு?"

"அவர் தவறின அன்னிக்கு. வண்டியைப் பார்க்க என்னை வரச் சொல்லியிருந்தாரே."

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா? நானும் அதே ஆஸ்பத்திரிதான் டீச்சர். என் பேஷண்டுங்களுக்கு எக்ஸ்ரே அவர்தான் எடுப்பார். பார்க்கறப்பல்லாம் வண்டியைக் கேப்பேன். உயிரோட இருக்கற வரைக்கும் விக்க மாட்டேன்னு சிரிப்பார். அந்த சனிக்கிழமை சாயங்காலம் அவரே போன் பண்ணினார். வித்துடறேன் டாக்டர், நாளைக்குக் காலையில வந்து பாருங்கன்னார். ஏன் திடீர்னு கேட்டேன். கூரை ஒழுகுதுன்னார்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டுல சொன்னீங்களான்னு கேட்டேன். இல்லை, பணத்தை அவ கையில வெச்சுட்டு அப்புறம் சொல்லிக்கறேன், ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் அவ கொஞ்சம் தூங்குவா, எழுந்திருக்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னார். நான் வந்தப்போ வாசல்ல கூட்டம். விஷயம் தெரிஞ்சுது. சாவு வீட்டுல போய், கார் வாங்க வந்தேன்னு எப்படிச் சொல்றது? திரும்பிட்டேன். அவர் எதையும் மறைக்கற ஆள் இல்லையே, ராத்திரியே உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நினைச்சேன்."

"சட்டை..." என்றாள் டீச்சர். "நீலச் சட்டை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார்."

"ஆள் வர்றப்போ பனியனோடவா நிப்பாங்க?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத் தூக்கத்தைத் தின்ற சட்டை, பல் டாக்டருக்காகப் போட்ட சட்டை. ஆனாலும் கடைசி முடிச்சு அவிழவில்லை. "அப்போ ஏன் உள்ளே உட்காரணும்? கதவைச் சாத்திக்கிட்டு, ஓடற வண்டியில ஏன் போய் உட்காரணும்?"

டாக்டர் குனிந்து காரின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். அசையும் பெடலை அவரும் பார்த்திருக்க வேண்டும். நிமிர்ந்தபோது குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

"இந்த மாடலுக்கே உள்ள வியாதி டீச்சர். குளிர்ல லேசுல கிளம்பாது. கிளம்பினாலும் காலை எடுத்தா நின்னுடும். நல்லா சூடு ஏறற வரைக்கும் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுக்கிட்டு உள்ளேயே உட்காரணும். குளிர்ல கிளம்புமான்னு போன்ல கேட்டேன். சொடக்கு போடற நேரத்துல கிளம்பும்னார். பொய்னு குரல்லயே தெரிஞ்சுது. பாவம், பொய் சொல்லிப் பழக்கம் இல்லை."

கதவு ஏன் சாத்தியிருந்தது என்று அவள் கேட்கவில்லை. மாடிப் படுக்கையறையின் ஜன்னல் ஷெட் கூரைக்கு நேர் மேலேதான். அந்த எஞ்சின் சத்தத்துக்குப் பிணம்கூட எழுந்து உட்காரும் என்று அவளே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கத்தியிருக்கிறாள். அவள் தூங்கட்டும் என்று சாத்தியிருக்கிறார்.

டீச்சர் அழுதாள். தெரு கேட்கட்டும் என்று வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு, அடைத்த இடத்தில் புகை ஆளைக் கொல்லும் என்றுகூடத் தெரியாதா, ஒரு ஜன்னலைத் திறந்தால் என்ன குறைந்துவிடும், விலை குறைந்தால்தான் என்ன, ஒழுகினால் ஒழுகிவிட்டுப் போகட்டுமே என்று எதிரில் நிற்கிற மனுஷனைத் திட்டுவது போலத் திட்டினாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஓய்ந்ததும் டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பானெட்டின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். கை சுட்டது, எடுக்கவில்லை.

"என்னங்க. ஆள் வந்தாச்சு. போதும், காலை எடுங்க."

வண்டிக்குள் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். இருவரும் அதைக் கேட்டார்கள். பெடல் மேலே வந்து மற்ற இரண்டோடு வரிசையாக நின்றது. சீட்டின் தோல் மெல்ல உப்பி எழுந்தது. கைக்கு அடியில் சூடு இறங்கிக்கொண்டே போயிற்று. புகை வாசனை திறந்திருந்த கதவு வழியாக வெளியேறியது. கொஞ்ச நேரத்தில் இரும்பு வெறும் இரும்பாகச் சில்லிட்டது.

டாக்டர் பேட்டரியை எடுத்து மாட்டினார். வயரை இரண்டு தடவை தவறவிட்டார். டீச்சர் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். வண்டி இருமியது, கனைத்தது, முக்கியது. கிளம்பவில்லை. மறுபடி திருகினார். கிளம்பவில்லை.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அழுகை காயாத முகத்தோடு சிரித்தாள்.

"அவர் என்ன விலை சொன்னார்?"

டாக்டர் சொன்னார். காந்தம் முதலில் மதித்ததைவிடக் குறைவுதான். கூரைக்குத் தாராளமாகப் போதும்.

"இந்தக் குறைக்கு அதுல கழிச்சுக்கோங்க. மறைச்சு விக்க வேண்டாம்."

டாக்டர் மறுத்தார், அவள் விடவில்லை. கழித்த விலைக்கே முடிந்தது. மத்தியானம் வண்டியை ஏற்றிக்கொண்டு போக லாரி வந்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். அந்த அசல் விளக்கையும் பெட்டியோடு கொண்டுவந்து டாக்டரிடம் கொடுத்தாள். லாரி கிளம்பும்போது அவள் டாக்டர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு. காலையில ஸ்டார்ட் பண்றப்போ கதவைத் திறந்து வெச்சுக்கோங்க. வீட்டுல யார் தூங்கினாலும் பரவாயில்லை."